மச்சாள் படிப்பித்த அமெரிக்கா

வாழைப்பழம் வந்த அட்டைப் பெட்டி அது. உள்ளே கறுப்புக் காகிதத்தில் வெட்டி, மஞ்சள் வில்லை ஒட்டிய தொப்பிகள் ஒரு பதினைந்து இருந்தன. இறகு செருகிய தலைப்பட்டிகளும் அதே அளவு. அடியில் மடித்து வைத்த ஒரு கொடி, தட்டச்சில் அடித்த நான்கைந்து தாள்கள். எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை காலை. லண்டனில் மனோர் பார்க்கில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் என் மச்சாள் இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ அவசரத்துக்குக் கையில் தந்துவிட்டுப் போன கைக்குழந்தையை வைத்திருப்பது போலத்தான் வைத்திருந்தார். "அமெரிக்கச் சரித்திரமாம்" என்று என்னிடம் சொன்னார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. ஆனால் நடையிலும் கதையிலும், சேலை மடிப்புக்குக் குத்தும் ஊசியிலும்கூட, பதினொரு வருடம் வகுப்பில் நின்ற மிடுக்கு இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எல்லாரும் சிதறியபோது அவரும் லண்டனுக்கு வந்து எங்கள் வீட்டு மேல்மாடி முன்னறையில் குடியேறினார். வந்த இரண்டாம் மாதமே ஒரு தையல் ஃபாக்டரியில் சேர்த்துவிட்டோம். ஆண்கள் போடுகிற கோட்டுக்கு உள்பை தைக்கிற வேலை. நாலு வருடமாக உள்பை மட்டும்தான். முழுக் கோட்டை ஒருநாளும் கையில் பிடித்ததில்லை என்பார். அதையும் முறைப்பாடாகச் சொல்ல மாட்டார், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொல்லுவார்.

நான் அவருக்கு முன்பே வந்தவள். பஸ்ஸில் சண்டை பிடிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வரும். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறைய இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. மச்சாள் மறுபடியும் படிப்பிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை வீட்டில் எல்லாரும் அறிவோம். ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நான் ஒருமுறை கதைத்தேன். "இஞ்சத்தைப் பிள்ளையள் உங்கடை வாயைப் பார்த்துச் சிரிக்குங்கள் மச்சாள்" என்று சொன்னேன். அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

அந்த மண்டபத்தில் கோடை விடுமுறைக்கு, திங்கள் தொடங்கி வெள்ளி வரை, இரண்டு கிழமை பகல் முகாம் நடக்கும். போதகரின் மனைவிதான் அதை நடத்தினார். அவர் அமெரிக்காவிலிருந்து கலியாணம் செய்து வந்தவர். உயரமான மனுஷி, குரலும் உயரம். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டால் பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டிப் போகலாம். தமிழ்ப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், ஜமேக்காக் குடும்பத்துப் பிள்ளைகள், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைப் பிள்ளைகள் என்று முப்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். ஆரம்பத்தில் எங்கள் தாய்மாருக்கு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து விடுவார்களோ என்று ஒரு பயம் இருந்தது. போதகரின் மனைவிக்கு அந்த எண்ணமே இல்லை. அவருடைய வேதமெல்லாம் நேரத்துக்குச் சாப்பாடும் வரிசையில் நிற்பதும்தான். நான் அங்கே இரண்டு கோடையாக உதவிக்குப் போய் வந்தேன். அந்த வருடம் மச்சாளின் ஃபாக்டரி இரண்டு கிழமை பூட்டியிருந்தபடியால் பழரசம் ஊற்றிக் கொடுக்க அவரையும் கூட்டிப் போனேன்.

மச்சாளுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. போதகரின் மனைவி பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். தமிழ்ப் பிள்ளைகள் கூடிவிட்டதால் செப்டெம்பரில் வகுப்புக்கு ஒரு உதவியாளரை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்வி. அதற்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தருவாரா என்று மச்சாள் என் வாயால் கேட்பித்தார். அந்த மனுஷி, தான் கண்ணால் பார்க்காத வேலைக்குக் கடிதம் எழுதுவதில்லை என்றும், இரண்டு கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அதற்கு இரண்டு நாளைக்குப் பிறகு மண்டபத்தில் தோரணம் கட்ட ஏணியில் ஏறி, விழுந்து, கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கணவரிடம் சொல்லி அனுப்பிய செய்தி இதுதான்: அந்தச் சரித்திர டீச்சரிடம் பெட்டியைக் கொடுங்கள், கடைசி வெள்ளிக்கிழமை பெற்றோருக்கு நாடகம், அன்றைக்கு நான் வந்து பார்ப்பேன்.

அந்த வருடத்து முகாமின் தலைப்பு, அமெரிக்காவுக்கு முதன்முதல் குடியேறப் போன ஆங்கிலேயரின் கதை. மச்சாள் சோழரைப் படிப்பித்திருக்கிறார், போர்த்துக்கேயர் வந்ததைப் படிப்பித்திருக்கிறார். அமெரிக்காவோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஞாயிறு முழுக்க, நூலகத்திலிருந்து நான் அவசரமாக எடுத்து வந்த ஐந்து சிறுவர் புத்தகங்களை மேசையில் பரப்பிவைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். குறிப்பு எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆயத்தமானார்.

அதுதான் பிழையாய்ப் போனது. திங்கட்கிழமை முப்பது பிள்ளைகளையும் வரிசையாக இருத்தி, கரும்பலகையில் ஆண்டுகளை எழுதி, குறிப்புச் சொல்லி எழுதச் சொன்னார். விடுமுறையில் வந்த பிள்ளைகள்! ஒரு பஞ்சாபிப் பையன் தொப்பியைப் பந்தாக்கி உதைத்தான். இரண்டு பிள்ளைகள் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். மச்சாளின் ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்க முன்பு பின்வரிசை அதைப் பாட்டாகப் பாடியது. செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை ஒரு பெண்பிள்ளை, நாங்கள் எப்போது விளையாடுவோம் என்று மரியாதையாகக் கேட்டாள். மச்சாள் சோக்கைக் கீழே வைத்தார்.

அன்று மத்தியானம் நான் ஒரு வேலை செய்தேன். போதகரிடம் போய், அவருக்கு ஏலாது, வேறு யாரையாவது பாருங்கள் என்று சொன்னேன். நல்ல மனதோடுதான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் சிரித்தது என் மச்சாளைப் பார்த்து, என் வீட்டு ஆளைப் பார்த்து. போதகர் வேறு யார் இருக்கிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். வஞ்சகம் தெரியாத மனுஷர், பின்னேரம் மச்சாளிடமே போய், உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதாமே என்று விசாரித்தும் விட்டார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மச்சாள் எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் திறப்பைப் போடும்போதுதான் திரும்பினார். "நான் படிப்பிக்கிறது சரியில்லை எண்டு எனக்குத் தெரியும். அதை நீர் என்னட்டைச் சொல்லியிருக்கலாம்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அடுத்த நாள் காலையில் எனக்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டார். நான் போனபோது சேலையை இழுத்துச் செருகி, முழந்தாளில் நின்று, பழுப்பு நிற ஒட்டு நாடாவைத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குடியேறிகள் போன கப்பலில் சனங்கள் இருந்த தட்டின் அளவாம். புத்தகத்தில் அடிக்கணக்கில் போட்டிருந்ததை, நூலைப் பிடித்து அளந்து ஒட்டினார். மண்டபத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிட்டது. நல்ல பெரிசாக இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு, அதற்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு மேல், பயணம் இரண்டு மாதத்துக்கும் மேல் என்று மச்சாள் சொன்னார். சுவருக்குச் சுவர் ஒரு கயிற்றையும் கட்டினார். அது கூரை. எனக்கு நிமிர ஏலாமல் இருந்தது. பிள்ளைகள் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

அன்று பகல் முழுக்கப் பிள்ளைகள் அந்த நாடாக் கோட்டுக்குள்ளேயே இருந்தார்கள். சாப்பாடும் அங்கேதான், சண்டையும் அங்கேதான். ஒவ்வொருவரும் ஒரு பை மட்டும் கொண்டுவரலாம், என்ன கொண்டுவருவீர்கள் என்று மச்சாள் கேட்டார். வெள்ளைப் பிள்ளைகள் சைக்கிள், நாய், தொலைக்காட்சி என்றார்கள். வந்து ஆறு மாதமே ஆன ஒரு தமிழ்ப் பிள்ளை, எட்டு வயது, பிறப்புச் சான்றிதழ் என்றாள். இன்னொன்று கேட்டபோது, அம்மம்மாவின் படம், ஆனால் கண்ணாடிச் சட்டம் வேண்டாம், பாரம் என்றாள். மற்றப் பிள்ளைகள் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சைக்கிள்காரன் தன் சைக்கிளை வாபஸ் வாங்கிவிட்டுத் தாயின் படம் என்று மாற்றிச் சொன்னான். அந்தக் கப்பலின் சொந்த இடம் தேம்ஸ் கரையிலுள்ள ரொதர்ஹித் என்று மச்சாள் சொன்னதும் எல்லாருக்கும் ஒரே புளுகம், சந்தோஷத்தில் துள்ளினார்கள். பஸ்ஸில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். குறிப்பு எழுதச் சொல்லாமலே அந்த ஊரின் பெயரை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் கிழமை மச்சாள் வேறு ஆளாகிவிட்டார், அல்லது பழைய ஆளாகிவிட்டார். எனக்கு அவரை யாழ்ப்பாணத்து வகுப்பில் பார்த்த அனுபவம் இல்லையே. பிள்ளைகள் அவருடைய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பது நிற்கவில்லை. ஆனால் இப்போது பிழையைத் திருத்திச் சொன்னார்கள், அவரும் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார். போதகரின் மனைவியின் தாள்களில் இல்லாத ஒரு ஆளை அவர் புத்தகத்தில் கண்டுபிடித்திருந்தார். ஆங்கிலேயர் போய் இறங்கிய அமெரிக்கக் கரையில் பிறந்த ஒரு பூர்வகுடி மனிதர். ஆட்களைப் பிடித்து விற்கிற கப்பல்காரர் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். எப்படியோ தப்பி லண்டனுக்கு வந்து, கொஞ்சக் காலம் இங்கே இருந்து, ஆங்கிலம் பழகி, ஒருமாதிரிக் கப்பல் பிடித்து ஊர் திரும்பினார். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஊரில் ஒரு சீவன் இல்லை. வெள்ளைக்காரரோடு வந்த நோயில் முழு ஊரும் அழிந்துவிட்டது. பிறகு இந்த ஆங்கிலேயர் வந்து குடியேறியதும் அதே ஊரின் நிலத்தில்தான். முதல் குளிரில் அவர்களில் பாதிப்பேர் செத்துப்போக, மிச்சப்பேருக்கு, உரமாக மீனைப் புதைத்துச் சோளம் நடச் சொல்லிக் கொடுத்தவர் அந்த மனிதர்.

ஊரில் ஒருவரும் இல்லை என்று சொன்ன இடத்தில் மச்சாளால் தொடர ஏலவில்லை. தண்ணீர் குடிப்பது போலப் பாவனை செய்தார். அந்த மனிதருக்கு ஏன் கோபம் வரவில்லை என்று பஞ்சாபிப் பையன் கேட்டான். மச்சாள் யோசித்துவிட்டு, தனக்குத் தெரியாது என்றார். கோபம் வந்திருக்கும், கோபத்தோடும் சோளம் நடலாம்தானே என்றார். பிறகு அந்தக் குடியேறிகளின் பிள்ளைகள் காலத்தில் சண்டை வந்ததையும், இடம் கொடுத்தவர்கள் இடம் இழந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த எட்டு வயதுப் பிள்ளை கேட்டது வேறு. அவர் லண்டனில் எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்டாள். நாடகத்தில் அந்த மனிதராக வர அவளையே மச்சாள் தெரிந்தெடுத்தார்.

நாடகம் போதகரின் மனைவி எழுதியபடிதான். குடியேறிகள் கப்பலால் இறங்கிக் கொடியை நட வேண்டும், பூர்வகுடிகள் வரவேற்க வேண்டும், பிறகு எல்லாரும் சேர்ந்து விருந்து. மச்சாள் அந்த மனிதரின் பாத்திரத்தை மட்டும் சேர்த்துக்கொண்டார். மற்றதெல்லாம் சொல்லுக்குச் சொல் அப்படியே. கடிதம் கிடைப்பது அதில்தானே இருந்தது. கொடி நடுவதை மட்டும் இருபது தடவை பழக்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை போதகரின் மனைவி முறிந்த காலில் மாக்கட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் தாய்மார், சில தகப்பன்மார், வேலை உடுப்போடு வந்தவர்கள். அமெரிக்கா என்று காட்ட, போதகர் எங்கிருந்தோ ஒரு பச்சைக் கம்பளம் கொண்டுவந்து விரித்துவிட்டார். நல்லெண்ணத்தில் செய்தார். ஆனால் ஒத்திகையில் கம்பளம் இருக்கவில்லை, வெறும் தரைதான். கப்பல் வந்து நின்றது. முதலாவதாக இறங்கிய இன்னொரு தமிழ்ப் பிள்ளை கம்பளத்தின் ஓரத்தில் சட்டென்று நின்று, குனிந்து, சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

கோயிலில் கம்பளம், வீட்டில் கம்பளம், அங்கே சப்பாத்தோடு மிதித்தால் முதுகில் விழும். அந்தக் கால்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த பிள்ளையும் கழற்றினாள். பஞ்சாபிப் பிள்ளைகளுக்கும் அது புதிது இல்லை, அவர்களும் கழற்றினார்கள். மிச்சப்பேர் இதுவும் நாடகம் என்று நினைத்து நாடாவை அவிழ்த்தார்கள். கொடியைப் பிடித்திருந்தவனுக்கு ஒரு கையால் முடிச்சு அவிழவில்லை, கொடியைச் சப்பாத்துக் குவியல்மேல் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவிழ்த்தான். கம்பளத்தில் சப்பாத்தோடு நின்ற பூர்வகுடிகள் ஒருவரை ஒருவர் பார்த்து, வெட்கப்பட்டு, தாங்களும் கழற்றத் தொடங்கினார்கள். எல்லாம் முடிய ஒரு ஐந்து நிமிடம். பிறகு காலுறையோடு பதினைந்து குடியேறிகள் கம்பளத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. வரச் சொல்லாமல் எப்படிப் போவது?

அந்த மனிதராக நின்ற பிள்ளைக்கு இந்த இடத்துக்கு வசனம் இல்லை. அவள் மச்சாளைப் பார்த்தாள். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவள் தானாகவே ஒரு அடி முன்னுக்கு வந்து, ஆங்கிலத்தில், உள்ளே வாருங்கள், நிற்காதீர்கள், தேத்தண்ணி குடிப்பீர்களா என்று கேட்டாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. தாய்மார் கண்ணீர் வரச் சிரித்தார்கள். குடியேறிகள் உள்ளே போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்தார்கள். விருந்துக்கு வைத்த பிஸ்கட்டை எல்லாரும் பங்கு போட்டுத் தின்றார்கள். கொடியை ஒருவரும் எடுக்கவில்லை. போதகரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

சனம் கலைந்த பிறகு அவர் மச்சாளைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. சப்பாத்தைக் கழற்றி, கூப்பிடும்வரை நிற்பது நீ படிப்பித்ததா? கேட்ட விதத்தில், அது அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கடிதம் கையில். நான் தமிழில், "ஓமெண்டு சொல்லுங்கோ மச்சாள்" என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, மொழிபெயர்க்கவும் விடவில்லை. தன்னுடைய புத்தக ஆங்கிலத்தில் நேராகவே பதில் சொன்னார். இல்லை, நான் கொடி நடுவதைத்தான் படிப்பித்தேன், அவர்கள் மறந்துவிட்டார்கள். இது அவர்களுடைய தாய்மார் படிப்பித்தது. போதகரின் மனைவி தலையை ஆட்டிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பொய் சொல்லியோ டீச்சர் ஆகிறது?" என்று வழியில் மச்சாள் என்னைக் கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் மச்சாளைப் போல ஒரு விசரி உலகத்தில் இல்லை என்று கணவரிடம் போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை ஃபாக்டரி திறந்தது. மச்சாள் பழையபடி உள்பை தைக்கப் போனார். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. மூன்றாம் கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போதகரின் மனைவி எழுதியதன் ஒரு பிரதியும் அதற்குள் இருந்தது. நான்தான் உரக்க வாசித்தேன். இவருடைய ஆங்கிலம் இன்னும் திருந்த வேண்டும், ஆண்டுகளில் அளவுக்கு மிஞ்சிய பற்று, நாடகம் என் கதைப்படி முடியவில்லை என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தார். கடைசியில், தன்னுடையது அல்லாத புகழை நான் நீட்டியபோது இவர் வாங்கவில்லை, அதனால் என் பிள்ளைகளை இவரிடம் விடுவேன் என்று இருந்தது. நான் வாசித்து முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

இப்போது மச்சாள் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறார். உதவியாளராகச் சேர்ந்து, மாலை வகுப்புகளுக்குப் போய் ஆசிரியப் பத்திரம் எடுத்து, அதே பள்ளிக்கூடத்தில் முழு ஆசிரியையாகி ஓய்வு பெற்றவர். முழங்கால் வருத்தம், வேறு குறையில்லை. நாங்கள் இரண்டு பேரும் இன்னமும் சண்டை பிடிப்போம். அந்த இரண்டு கிழமையைப் பற்றி யார் கேட்டாலும், கொடி நடுகிறதைச் சரியாகப் பழக்காமல் விட்டது தன்னுடைய பிழைதான் என்று இன்றைக்கும் வாதாடுவார்.

பள்ளிக்கூடத்தில் அவருடைய முதல் நாள் பின்னேரம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. வகுப்பு ஆசிரியை பிள்ளைகளின் பெயர் இடாப்பை இவரிடம் கொடுத்து, இந்த நீளப் பெயர்களை நீங்களே வாசியுங்கள் என்றாராம். மச்சாள் ஒவ்வொரு பெயரையும் முழுதாக, தகப்பன் பெயரோடு, ஊரில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டிருக்கிறார். இரண்டு வருடமாக வெட்டிக் குறுக்கிய பெயருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகிய ஒரு பிள்ளை, தன் முழுப் பெயரைக் கேட்டதும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி நின்று, "ஓம் டீச்சர்" என்றதாம். அதைச் சொல்லும்போது மச்சாள் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். முகம் முழுக்கக் கண்ணீர், வாய் சிரித்தது.

"இண்டைக்குத்தான் நான் லண்டனுக்கு வந்து சேர்ந்தனான்" என்றார்.

வந்து நாலு வருடமாச்சே என்று சொல்ல என் வாய் உன்னியது. சொல்லவில்லை. அடுப்பை மூட்டித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன்.